சிறுநீரகக் கட்டிக்கு என்ன பெயர்?

ரேணிகுண்டா-அரக்கோணம் பாதையில் உள்ள எங்கள் ஸ்டேஷனின் டிக்கெட் ஜன்னலுக்கு ஒரு நாள் காலை ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்தார். சொந்த ஊர் ஆரணிப் பக்கம். நகரியில் ஒரு சாயப்பட்டறையில் பல வருஷங்களாக வேலை. நகமெல்லாம் நீலம். கையில் ஸ்கேன் எடுத்த பெரிய உறை. வலது சிறுநீரகத்தில் மூன்று சென்டிமீட்டர் அளவில் கட்டி, புற்றுநோயாக இருக்கக்கூடும் என்று அதில் எழுதியிருந்தது. சென்னைக்குப் போக வேண்டும், கேன்சர் என்றால் ரயிலில் சலுகை உண்டாமே என்று கேட்டார்.

சலுகை உண்டு. சிகிச்சைக்கோ மறுபரிசோதனைக்கோ போகும் புற்றுநோயாளிக்கும் துணைக்குப் போகும் ஒருவருக்கும் இரண்டாம் வகுப்பில் நூற்றுக்கு 75 வீதம் கட்டணக் குறைப்பு. ஆனால் ஸ்கேன் தாள் போதாது. அதற்கென்று உள்ள படிவத்தில் ஆஸ்பத்திரி டாக்டரின் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். இதைச் சொன்னதும், "சரிங்க சார்" என்று முழுப் பணம் கொடுத்து இரண்டு டிக்கெட் வாங்கிக்கொண்டு மனைவியுடன் வண்டி ஏறினார். அந்த அம்மாள் ஒரு வார்த்தை பேசவில்லை.

இரண்டு மாதம் கழித்து மறுபடி வந்தார். கட்டியை எடுத்தாகிவிட்டது. மறுபரிசோதனைக்குக் கிளம்பியிருந்தார்.

"சார், சாயம் போட்டுப் பாத்தாங்களாம். கேன்சர் இல்லியாம். வேற என்னமோ பேரு எழுதிக் குடுத்திருக்காங்க. இதுக்கு எந்த ஃபாரம் சார்?"

தாளை வாங்கிப் பார்த்தேன். 'ஆன்கோசைட்டோமா' என்று இருந்தது. ரயில்வேயில் புற்றுநோயாளிக்கு ஒரு சலுகை. டயாலிசிஸ் அல்லது சிறுநீரக மாற்று ஆபரேஷனுக்குப் போகிறவருக்கு ஒரு சலுகை. இவர் இரண்டிலும் வரமாட்டார். "முழு டிக்கெட்தான் அய்யா" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. முழுக் கட்டணம் என்று சொல்லக் கேட்டு ஒருவர் சந்தோஷப்பட்டதை இந்த வேலையில் அன்றுதான் பார்த்தேன்.

ஸ்கேனில் ஒரு பெயர், ஆபரேஷனுக்குப் பிறகு வேறு பெயர். இது எப்படி நேர்கிறது? விசாரித்தும் படித்தும் தெரிந்துகொண்டதை வாசகர்களுக்குச் சொல்லுகிறேன். சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் பட்டறையிலும் ஆபீஸிலும் வேலை செய்யும் நம்மவர்களுக்கு இது உபயோகப்படும் விஷயம்.

ஸ்கேன் சொல்வதும் சொல்லாததும்

முற்காலத்தில் சிறுநீரகக் கட்டி என்றால் சிறுநீரில் இரத்தம் போகும், விலாவில் வலிக்கும், வயிற்றில் கை வைத்தால் தட்டுப்படும். இந்த மூன்றும் சேர்ந்து வருவதற்குள் நோய் முற்றியிருக்கும். இப்போது அப்படியில்லை. வயிற்றுவலி என்றும் கல் என்றும் ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில், எந்தத் தொந்தரவும் தராத சின்னக் கட்டி தற்செயலாகக் கண்ணில் படுகிறது.

ஆனால் ஸ்கேன் காட்டுவது கட்டியின் அளவு, இடம், இரத்த ஓட்டம் ஆகியவற்றைத்தான். கட்டியின் ஜாதகத்தை அது முழுக்கச் சொல்வதில்லை. நாலு சென்டிமீட்டருக்குக் குறைவான கட்டிகளைப் புற்றுநோய் என்று கருதி அறுத்தெடுத்துச் சோதித்தால், ஏறத்தாழ ஐந்தில் ஒன்று புற்றுநோயே அல்ல என்று தெரியவருகிறது. மீதி நான்கு புற்றுநோய்தான் என்பதையும் மறந்துவிடக்கூடாது. 'எனக்கு அந்த ஐந்தாவது ஆளாக இருக்கும்' என்று வீட்டில் உட்கார்ந்துவிடுவது தற்கொலைக்குச் சமம்.

கிராவிட்ஸ் செய்த தவறு

பெரியவர்களுக்கு வரும் சிறுநீரகப் புற்றுநோய்களில் நூற்றுக்கு 70 முதல் 75 வரை ஒரே வகை. 'கிளியர் செல்' என்று அதற்குப் பெயர். நுண்ணோக்கியில் பார்த்தால் அதன் செல்கள் உள்ளே ஒன்றுமில்லாததுபோல் வெளுத்துத் தெரியும். வெட்டினால் கட்டி பொன் மஞ்சள் நிறம். செல்லுக்குள் சேர்ந்த கொழுப்பே காரணம்.

இந்த மஞ்சளைப் பார்த்து ஏமாந்தவர்களில் முதல்வர் ஜெர்மனியின் பால் கிராவிட்ஸ். சிறுநீரகத்தின் தலையில் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியும் மஞ்சளாக இருக்கும். எனவே அந்தச் சுரப்பியின் துணுக்கு சிறுநீரகத்துக்குள் அகப்பட்டுக்கொண்டு வளர்ந்ததுதான் இந்தக் கட்டி என்று 1883ல் அவர் எழுதினார். இதையொட்டி 'ஹைப்பர்நெஃப்ரோமா' என்ற பெயரும் வழக்கில் வந்தது. உண்மையில் கட்டி பிறப்பது சிறுநீரகத்தின் நுண்குழாய்ச் செல்களில்தான். தவறு தெரிந்து எத்தனையோ காலமாகியும் பழைய டாக்டர்கள் வாயில் அந்தப் பெயர் போகவில்லை.

சாயத்துக்கு அஞ்சும் செல்

நமது சாயப்பட்டறை அன்பருக்கு வந்த ஆன்கோசைட்டோமா, சிறுநீரகக் கட்டிகளில் நூற்றுக்கு 3 முதல் 7 வரை இருக்கும். சாதாரணமாக இது உடம்பில் பரவாது. வெட்டினால் மஞ்சளாக இராது, மஹோகனிப் பலகைபோல் பழுப்பாக இருக்கும். செல்லுக்குச் சக்தி உண்டாக்கித் தரும் மைட்டோகாண்டிரியா என்ற நுண்துகள்கள் ஒவ்வொரு செல்லிலும் மூட்டை மூட்டையாக அடைந்து கிடப்பதால் வந்த நிறம் அது. 1942ல் ஸிப்பெல் என்பவர் இதைக் குறித்து வைத்தார். யாரும் அதிகமாகக் கவனிக்கவில்லை. 1976ல் கிளைன், வாலென்ஸி என்ற இருவர் 13 நோயாளிகளின் விவரத்தை வெளியிட்ட பிறகே இது தனிக் கட்டி என்று டாக்டர்கள் ஏற்றுக்கொண்டனர். அதுவரை இதே கட்டி வந்தவர்கள் புற்றுநோய்க்காரர்களாகவே வாழ்ந்திருப்பார்கள், புற்றுநோயை வென்றதாகவும் எண்ணியிருப்பார்கள்.

இதற்கு இரட்டைப் பிறவிபோல் இன்னொன்று உண்டு. அது புற்றுநோய். பெயர் 'குரோமோஃபோப்'. சாயத்துக்கு அஞ்சுவது என்று பொருள். வழக்கமான சாயத்தை இதன் செல்கள் சரியாக வாங்காமல் வெளிறி நிற்பதால் இந்தப் பெயர். மனிதர்களுக்கு வரும் இந்தக் கட்டியை 1985ல் ஜெர்மனியில் தோனெஸ் என்பவரின் குழு தனியாக இனங்கண்டு சொன்னது. சிறுநீரகப் புற்றுநோய்களில் நூற்றுக்கு ஐந்து இது. சாது என்றாலும் சில சமயம் பரவிவிடும்.

இந்த இரண்டையும் பிரித்தறிவதுதான் கஷ்டம். கட்டியின் நடுவில் நட்சத்திர வடிவில் தழும்பு இருந்தால் ஆன்கோசைட்டோமா என்று ஸ்கேன் பார்ப்பவர்கள் நினைப்பதுண்டு. அந்தத் தழும்பு புற்றுநோயிலும் வருகிறது. ஊசி குத்தி எடுக்கும் சிறு துணுக்கை வைத்தும் சில சமயம் உறுதி சொல்ல முடிவதில்லை. கடைசியில் சாயத்தைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. இரும்புக் கரைசல் ஒன்றைக் கொண்டு ஏற்றும் சாயத்தில் குரோமோஃபோப் செல்கள் நீலமாக மாறும். 'சி.கே.7' என்ற பரிசோதனையில் குரோமோஃபோப் பெரும்பாலும் முழுக்கப் பிடித்துக்கொள்ளும், ஆன்கோசைட்டோமாவிலோ அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில செல்கள் மட்டும் பிடிக்கும். வழக்கமான சாயத்தில் உள்ள நீலம் ஹீமடாக்ஸிலின். மத்திய அமெரிக்காவில் விளையும் ஒரு மரத்தின் கட்டையிலிருந்து எடுப்பது. ஒரு காலத்தில் பட்டுக்குக் கறுப்புச் சாயம் ஏற்றவும் அதே மரந்தான். இதை அன்பரிடம் சொன்னபோது, "அப்ப நம்ம வேலதான் சார் அவங்களும் செய்யறாங்க" என்றார்.

கல்லும் சீழும் போடும் வேஷம்

நம் வட்டாரத்தில் அதிகம் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். சிறுநீரகத்தில் கல் அடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் சீழ் பிடித்தால், சிலருக்கு அந்தச் சிறுநீரகமே கட்டியைப்போல் வீங்கிவிடுகிறது. 'ஸாந்தோகிரானுலோமா' வகை அழற்சி என்கிறார்கள். ஸ்கேனில் இது புற்றுநோய் மாதிரியே தெரியும், பக்கத்துத் தசையையும் பற்றிக்கொண்டிருக்கும். நோயாளிக்கு ஜுரம், மெலிவு, இரத்தசோகை எல்லாம் இருக்கும். வெட்டினால் உள்ளே மஞ்சள். நுண்ணோக்கியில் பார்த்தால் கொழுப்பைத் தின்று வீங்கிய வெளுத்த செல்கள். கிராவிட்ஸை ஏமாற்றிய அதே மஞ்சள், அதே வெளுப்பு. ஆனால் இந்தச் செல்கள் கிருமியோடு சண்டை போட வந்த உடம்பின் சிப்பாய்கள். இவற்றைக் காட்டிக்கொடுக்கத் தனிச் சாயம் இருக்கிறது.

பெண்களுக்கும் சர்க்கரை வியாதிக்காரர்களுக்கும் இது அதிகம். வேலை செய்யாமல் போன சிறுநீரகத்தைப் பெரும்பாலும் எடுக்கத்தான் வேண்டியிருக்கும். ஆனால் எடுத்தபின் நோயாளி புற்றுநோய்க்காரர் அல்ல. வீட்டில் நிலத்தை விற்கலாமா, பெண்ணின் கல்யாணத்தை முன்னால் தள்ளலாமா என்ற பேச்சுக்கு இடமில்லை. (கல்லும் புற்றுநோயும் ஒன்றாக இருப்பதும் உண்டு. ஆகவே சோதிக்காமல் முடிவுகட்டக்கூடாது.)

காசநோயும் சிறுநீரகத்தில் வந்து கட்டிபோல் நடிக்கும். காலையில் முதல் சிறுநீரைச் சோதித்து அதைக் கண்டுபிடித்துவிட்டால் மாத்திரையிலேயே குணப்படுத்த வழி இருக்கிறது.

கொழுப்பு, தசை, இரத்தக்குழாய் மூன்றும் கலந்த 'ஆஞ்சியோமயோலிபோமா' என்ற கட்டி பெண்களுக்கு அதிகம் வரும். கொழுப்பு இருப்பதை ஸி.டி. ஸ்கேன் காட்டிவிடும், பிரச்னையில்லை. கொழுப்பு குறைந்த ரகம் வந்தால் ஸ்கேனும் ஏமாறும். இது சாதாரணமாகப் புற்றுநோய் ஆகாது என்றாலும் பெரிதானால் உள்ளே இரத்தம் கசியலாம், முக்கியமாகக் கர்ப்ப காலத்தில். வலிப்பு, முகத்தில் பொரிப்பொரியாகச் சிறு முடிச்சுகள் உள்ளவர்களுக்கு இரண்டு சிறுநீரகங்களிலும் இது வரக்கூடும். அந்த விவரங்களை டாக்டரிடம் மறைக்கக்கூடாது.

சாதுபோல் வரும் துஷ்டன்

இதுவரை சொன்னது பயந்த பெயர் போய் நல்ல பெயர் வந்த கதை. எதிர்க் கதையும் இருக்கிறது. 'பாப்பில்லரி' என்ற வகை, புற்றுநோய்களில் நூற்றுக்கு 10 முதல் 15. அதைப்போலவே தோன்றும் ஒரு அபூர்வக் கட்டி, பரம்பரையாக வருவது, மிகவும் வேகமானது. 'ஃபூமரேட் ஹைட்ரடேஸ்' என்ற நொதிக்கான மரபணுப் பழுதால் வருகிறது என்று 2002ல் கண்டுபிடித்தனர். அந்தக் குடும்பத்துப் பெண்களுக்கு இளவயதிலேயே கருப்பையில் கட்டிகள் வந்து எடுக்க வேண்டியிருக்கும். தோலில் வலிக்கும் முடிச்சுகளும் சிலருக்கு உண்டு. அக்காவுக்கு முப்பது வயதில் கர்ப்பப்பை எடுத்ததற்கும் தம்பியின் சிறுநீரகத்துக்கும் சம்பந்தம் இருக்கும் என்று எந்த வீட்டில் நினைப்பார்கள்? டாக்டர் கேட்டால்தான் சொல்வோம், அவர் கேட்காவிட்டாலும் நாம் சொல்ல வேண்டும். மற்றச் சின்னக் கட்டிகளை ஆறு மாதம் பொறுத்து மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம் என்று விடுவதுண்டு. இந்த ரகத்தை அப்படி விடலாகாது. கூடப் பிறந்தவர்களையும் சோதிக்க வேண்டும்.

குழந்தைகள் விஷயம் இன்னும் கண்டிப்பானது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வயிற்றில் கட்டி என்றால் டாக்டர்கள் முதலில் நினைப்பது வில்ம்ஸ் கட்டியை. ஜெர்மானிய டாக்டர் மாக்ஸ் வில்ம்ஸ் 1899ல் விவரித்தது. ஆபரேஷனும் மருந்தும் சேர்ந்து இன்று பெரும்பாலான குழந்தைகளைப் பிழைக்கவைக்கின்றன. ஆனால் குழந்தைகளின் சிறுநீரகக் கட்டிகளில் நூற்றுக்கு 3 முதல் 5 வரை வில்ம்ஸைப்போல் தோன்றும் 'கிளியர் செல் சார்கோமா'. 1970களில்தான் இதைப் பிரித்தறிந்தார்கள். இது எலும்புக்குப் போகும். ஆரம்ப நிலை வில்ம்ஸுக்குக் கொடுக்கும் லேசான மருந்து இதற்குப் போதாது. டாக்ஸோரூபிசின் என்ற மருந்தைச் சேர்த்துக் கொடுத்தபின்தான் இந்தக் குழந்தைகள் பிழைக்கும் வாய்ப்பு உயர்ந்தது. இங்கே பெயர் தவறினால் மருந்து தவறும்.

டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கெட்டுப்போன சிறுநீரகத்தில் கட்டி வருவது சகஜம். அவற்றில் ஒரு ரகத்தை 2006ல் நியூயார்க்கில் சதீஷ் டிக்கூ குழுவினர் தனியாகப் பிரித்துக் காட்டினர். 'கிளியர் செல்' போலவும் 'பாப்பில்லரி' போலவும் இருக்கும், ஆனால் நடத்தையில் சாது. ஆரம்பத்தில் புற்றுநோய் என்றே பெயர் வைத்தார்கள். பின்பு டயாலிசிஸ் இல்லாதவர்களிடமும் கண்டார்கள். இது பரவுவதாகத் தெரியாததால் 2022ல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் பட்டியலில் பெயரிலிருந்த 'புற்றுநோய்' என்ற சொல்லை எடுத்துவிட்டு வெறும் 'கட்டி' என்று மாற்றினர்.

மெழுகுக் கட்டையைக் கேட்டு வாங்குங்கள்

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்தது. எந்த ஊர், எந்த நர்ஸிங் ஹோம் என்பது வேண்டாம். சிறுநீரகத்தை எடுத்தார்கள். "கட்டி போய்விட்டது, நிம்மதியாக இருங்கள்" என்று அனுப்பினார்கள். எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா என்று யாரும் கேட்கவில்லை. மூன்று வருஷம் கழித்து நுரையீரலில் புள்ளிகள். பெரிய ஆஸ்பத்திரியில் முதல் கேள்வியே, "முதலில் எடுத்த கட்டியின் பிளாக் எங்கே?" என்பதுதான். பிளாக்கும் இல்லை, ரிப்போர்ட்டும் இல்லை. நுரையீரலில் ஊசி குத்தி எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. அந்த மனிதருக்கு அப்போது மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

பிளாக் என்பது மெழுகுக் கட்டை. எடுத்த கட்டியை உடனே ஃபார்மலினில் போட்டுப் பதப்படுத்தி (வெறும் தண்ணீரில் போட்டால் கெட்டுவிடும்), துண்டு போட்டு மெழுகில் பதிக்கிறார்கள். ஒரு மில்லிமீட்டரில் சில நூறில் ஒரு பங்கு கனத்துக்குச் சீவிக் கண்ணாடியில் ஒட்டிச் சாயமேற்றிப் பார்க்கிறார்கள். மெழுகுக் கட்டை வருஷக்கணக்கில் கெடாது. இன்று இல்லாத பரிசோதனை ஐந்து வருஷம் கழித்து வந்தாலும் அதே கட்டையிலிருந்து மறுபடி சீவிப் பார்க்கலாம்.

ஆகவே ஆபரேஷனுக்கு முன்பே கேளுங்கள்: ஊசி குத்திப் பார்க்க முடியுமா, கட்டியை மட்டும் எடுத்துச் சிறுநீரகத்தைக் காப்பாற்ற முடியுமா, எடுத்தது எந்த லேபுக்குப் போகும்? ஊசி குத்தினால் புற்றுநோய் பரவிவிடும் என்று நம்மவர்கள் பயப்படுகிறார்கள். அப்படி நேர்வது மிக அபூர்வம். ரிப்போர்ட் வந்ததும் கட்டியின் முழுப் பெயரை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 'கிட்னி கேன்சர்' என்பது பெயர் ஆகாது. அது குடும்பப் பெயர். சந்தேகம் இருந்தால், எழுதிக் கொடுத்து ஸ்லைடையும் பிளாக்கையும் வாங்கி வேறு நிபுணரிடம் காட்டலாம். அது நோயாளியின் உரிமை, டாக்டரை அவமதிப்பது அல்ல. கொண்டுபோகும்போது வெயிலில் வைக்காதீர்கள். மே மாதத்து ரேணிகுண்டா பிளாட்பாரத்தில் தகரப் பெட்டிக்குள் வைத்தால் மெழுகு என்ன கதியாகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பாஷையும் ஒரு தொல்லை. தெலுங்கு ஆஸ்பத்திரியில் கட்டியைக் 'கணிதி' என்பார்கள். இதைக் கேட்டு ஏதோ பில் கணக்கு என்று எண்ணித் தலையாட்டிவிட்டு வந்தவரை எனக்குத் தெரியும். புரியாவிட்டால் கூச்சப்படாமல் தமிழ் தெரிந்த நர்ஸைக் கூப்பிடச் சொல்லுங்கள். இந்தப் பக்கத்தில் எந்த வார்டிலும் ஒருவராவது இருப்பார்.

இதற்கெல்லாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. திருப்பதியில் 1960ல் தொடங்கிய வேங்கடேஸ்வரா மருத்துவக் கல்லூரியும் அதைச் சேர்ந்த ரூயா ஆஸ்பத்திரியும் உள்ளன. தேவஸ்தான ஆதரவில் 1993ல் இயங்கத் தொடங்கிய ஸ்விம்ஸ் இருக்கிறது. தேவஸ்தானமும் டாட்டா டிரஸ்டும் சேர்ந்து அமைத்த புற்றுநோய் ஆஸ்பத்திரி 2022 மே மாதம் திறக்கப்பட்டது. சித்தூர்க்காரர்களுக்குக் காட்பாடி வண்டியில் ஏறினால் வேலூர் சி.எம்.சி.; 1971ல் இந்தியாவிலேயே முதன்முதலாக வெற்றிகரமாகச் சிறுநீரக மாற்று நடந்த இடம் அது. சென்னையில் 1954 முதல் அடையாறு புற்றுநோய் நிலையம்.

ரயில் சலுகைப் படிவத்தைப் பற்றிப் பலர் கேட்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். படிவத்தை டாக்டர் பூர்த்தி செய்து, முத்திரையும் தேதியும் இருக்க வேண்டும். பயணத்தன்று கடைசி நேரத்தில் ஜன்னலில் வந்து நின்றால் எங்களால் ஒன்றும் செய்ய இயலாது.

சாயப்பட்டறை அன்பர் அன்று இரண்டு முழு டிக்கெட்டுக்குப் பணத்தை எண்ணி வைத்தார். அந்த அம்மாள் இந்தத் தடவை பேசினார். "ஜன்னலோரமாப் பாத்துக் குடுங்க தம்பி" என்றார். அது முன்பதிவில்லாத வண்டி, இடம் பிடிப்பது அவரவர் சாமர்த்தியம் என்று சொன்னேன். "நாங்க புடிச்சுக்கிறோம்" என்று இருவரும் பிளாட்பாரத்தைப் பார்த்து வேகமாக நடந்தார்கள்.